தொலைமருத்துவமும் நாற்கூற்று மருத்துவமும்: ஊரக விரிவாக்கத்திற்கான சட்ட, கொள்கைத் தடைகள்

ஆய்வுச்சுருக்கம்

தொலைவிலுள்ள மருத்துவரைத் தகவல்தொடர்புக் கருவிகளின் வழியே நோயாளியிடம் கொண்டுசேர்ப்பது தொலைமருத்துவம். இந்தியாவில் இம்முறை 2020 ஆம் ஆண்டு வெளியான நடைமுறை வழிகாட்டுதல்களால் சட்டத் தெளிவு பெற்றது. எனினும், மருத்துவரை நேரில் காண வழியற்ற ஊரக மக்களிடம் அது விரிவடைவதில் சட்டமும் கொள்கையும் சில தடைகளை உண்டாக்குகின்றன. திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) வகுக்கும் நாற்கூற்றுப் பாகுபாட்டை ஆய்வுச் சட்டகமாகக் கொண்டு, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான், நோயாளி என்னும் நான்கு நிலைகளில் அத்தடைகளை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டம் மருத்துவரையும் மருந்தையும் விரிவாகப் பேசுகிறது. ஊரகத் தொலைமருத்துவத்தின் அச்சாணியாகிய உழைச்செல்வானையும் நோயாளியின் மொழியையும் போதிய அளவு பேசவில்லை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: தொலைமருத்துவம், ஊரக நலவாழ்வு, ஒப்புதல், உழைச்செல்வான், தரவுப் பாதுகாப்பு, மருத்துவத் தமிழ், சித்த மருத்துவம்.

முன்னுரை

நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். இந்நான்கும் தனித்தனியே நான்கு பகுதிகளை உடையன என்று பரிமேலழகர் உரை விரிக்கிறது. நான்கும் ஓரிடத்தில் ஒருங்கே இருத்தல் மரபு மருத்துவத்தின் இயல்பு. தொலைமருத்துவம் இவ்வொருமையைப் பிரிக்கிறது. மருத்துவர் நகரத்தில் இருக்கிறார். நோயாளியும் உழைச்செல்வானும் சிற்றூரில் இருக்கின்றனர். மருந்து மூன்றாவது ஓரிடத்தில் இருக்கிறது. பிரிந்து நிற்கும் இக்கூறுகளை இணைக்கும் பொறுப்பு தொழில்நுட்பத்துக்கு மட்டும் உரியதன்று, சட்டத்துக்கும் உரியது.

தொழில்நுட்ப நிலையில் இம்முயற்சி புதிதன்று. 2000 ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் தொலைமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் கண் பார்வை மையங்களை அமைத்து, அங்குள்ள பயிற்சி பெற்ற பணியாளர் வழியாகத் தொலைவிலுள்ள கண் மருத்துவர் நோயாளியை ஆராயும் முறையை நிலைபெறச் செய்தது. 2019 நவம்பரில் நடுவணரசு தொடங்கிய ‘இ-சஞ்சீவனி’ சேவை, 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி மருத்துவ ஆலோசனைகளைக் கடந்தது. எனவே, ‘இயலுமா’ என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ‘எவருடைய பொறுப்பில், எந்த உரிமையோடு’ என்னும் வினாவே எஞ்சி நிற்கிறது. இவ்வினாவை ஆராய்வதே கட்டுரையின் நோக்கம். இந்தியச் சட்டங்களும் வழிகாட்டுதல்களும் ஆய்வின் முதன்மைத் தரவுகள். ஊரகத் தமிழகம் ஆய்வின் எல்லை.

சட்டப் பின்புலம்

2020 வரை இந்தியாவில் தொலைமருத்துவத்தைத் தெளிவாக அனுமதித்த சட்டமும் இல்லை. தெளிவாகத் தடுத்த சட்டமும் இல்லை. இவ்விடைவெளியை நீதிமன்றத் தீர்ப்புகள் நிரப்பின. நோயாளியை நேரில் ஆராயாமல் மருந்து எழுதுதல் கூடாது என்றும், கடும் அவசரநிலை தவிர்த்துத் தொலைபேசி வழி மருந்து சொல்லும் போக்கைத் தவிர்க்க வேண்டும் என்றும் 2009 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 2018 ஆம் ஆண்டு இரத்தினகிரி வழக்கொன்றில், மருத்துவமனையில் மருத்துவர் இல்லாத வேளையில் தொலைபேசி வழிச் சிகிச்சை சொல்லப்பட்டு, மகப்பேற்று அறுவை முடிந்த பெண் உயிரிழந்ததன் தொடர்பில், மருத்துவர்களுக்கு முன்பிணை வழங்க மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. அது முன்பிணை நிலையில் பிறந்த ஆணையே, இறுதித் தீர்ப்பன்று. எனினும் தொலைவழி ஆலோசனை குற்றவியல் பொறுப்புக்கு இட்டுச்செல்லக்கூடும் என்னும் அச்சம் அதனால் மருத்துவரிடையே பரவியது.

கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 மார்ச் 25 அன்று, இந்திய மருத்துவக் கழகத்துக்கு மாற்றாக இயங்கிய ஆளுநர் குழு தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இவை 2002 ஆம் ஆண்டின் மருத்துவர் தொழில் ஒழுக்க விதிகளின் ஐந்தாம் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய தொழில் ஒழுக்க விதிகளை அறிவித்தது. அதே மாதம் 23 அன்று அவற்றை நிறுத்திவைத்தது. அதனால் 2002 ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் எதுவும் இன்றி, ஒழுக்க விதியின் பின்னிணைப்பொன்றில் தொலைமருத்துவம் நிற்கிறது. ஒழுக்க விதி மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும். செவிலியர், மருந்தாளுநர், தொழில்நுட்ப நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் ஆகியோர்மீது நேரடி அதிகாரம் அதற்கு இல்லை. பின்வரும் தடைகளுட் பல இவ்வடிப்படைக் குறையிலிருந்து கிளைப்பவை.

மருத்துவர்: அதிகார எல்லையும் பொறுப்பும்

பதிவுபெற்ற மருத்துவர் இந்தியாவின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் தொலைவழி ஆலோசனை வழங்கலாம் என்பது வழிகாட்டுதலின் நிலைப்பாடு. ஊரக விரிவாக்கத்துக்கு இஃது இன்றியமையாத அனுமதி. ஆயினும் மருத்துவர்மீதான ஒழுங்கு நடவடிக்கை அவர் பதிவுசெய்துள்ள மாநில மருத்துவக் கழகத்தின் கையில் உள்ளது. தமிழகத்தில் இப்பதிவு 1914 ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழி நிகழ்கிறது. கொல்லிமலையில் வாழும் ஒருவருக்கு வேறு மாநிலத்தில் பதிவுபெற்ற மருத்துவர் தவறான சிகிச்சை சொன்னால், அவர் முறையீடு அம்மாநிலத்தின் கழகத்துக்கு, அங்கு வழங்கும் மொழியில் செல்ல வேண்டும். மருத்துவச் சேவை எல்லை கடக்கிறது. முறையீட்டுரிமை அதனுடன் கடக்கவில்லை.

இதன் அடிப்படை அரசமைப்பில் உள்ளது. ஏழாம் அட்டவணையின்படி பொதுநலவாழ்வும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருத்துவத் தொழில் பொதுப் பட்டியலில் உள்ளது. தொலைத்தொடர்பு நடுவணரசுப் பட்டியலில் உள்ளது. தொலைமருத்துவம் மூன்றையும் ஒருசேரத் தொடுகிறது. எனவே மாநில அரசு தன் துணைச் சுகாதார நிலையத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கும்போது, பணியாளர் அதன் அதிகாரத்திலும், மருத்துவரின் ஒழுக்கவிதி ஆணையத்தின் அதிகாரத்திலும், அலைவரிசை நடுவணரசின் அதிகாரத்திலும் இருக்கும் நிலை ஏற்படுகிறது.

மருந்து: அலைவரிசை அளக்கும் சிகிச்சை

வழிகாட்டுதல் மருந்துகளை நான்கு வகையாகப் பகுக்கிறது. காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்ற எளிய மருந்துகள் ‘ஓ’ பட்டியலில் அடங்கும். இவற்றை எவ்வகைத் தொடர்பின் வழியும் பரிந்துரைக்கலாம். ‘ஏ’ பட்டியல் மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுதலாம். ஆனால் அவ்வாலோசனை காணொலி வழி நிகழ வேண்டும். ‘பி’ பட்டியல் மருந்துகள் நேரில் கண்ட நோயாளியின் தொடர் சிகிச்சைக்கு மட்டும் உரியன. போதைப்பொருள் சட்டத்தில் அடங்கியனவும் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் அடங்கியனவும் முற்றிலும் விலக்கப்பட்டவை.

பாதுகாப்பு நோக்கில் இப்பகுப்பு ஏற்புடையதே. அது சிற்றூரில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதே ஆராயத்தக்கது. சிகிச்சையின் எல்லை தொடர்பு முறையோடு கட்டப்பட்டுள்ளது. தொடர்பு முறையோ அலைவரிசையின் வலிமையைப் பொறுத்தது. காணொலி தடையின்றி ஓடும் நகரத்து நோயாளி முதல் ஆலோசனையிலேயே ‘ஏ’ பட்டியல் மருந்தைப் பெறுகிறார். குரல் அழைப்பு மட்டும் கிடைக்கும் மலையூர் நோயாளி அதே நோய்க்கு ‘ஓ’ பட்டியலோடு நிறுத்தப்படுகிறார். கம்பிவட இணைப்பின் குறை இவ்வாறு சட்டத் தகுதியின் குறையாக உருமாறுகிறது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் நோக்குடைய கண்ணாடி இழைத் திட்டம் நிறைவெய்துவது, இந்நோக்கில், தகவல்தொடர்புத் துறையின் இலக்கு மட்டுமன்று. நலவாழ்வு உரிமையின் முன்நிபந்தனையும் ஆகும்.

விலக்கப்பட்ட பட்டியல் மற்றொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் வலி தணிக்கும் மார்ஃபின் போதைப்பொருள் சட்டத்தில் அடங்குவது. மருத்துவத் தேவைக்கு அது கிடைப்பதை எளிதாக்கும் நோக்குடன் 2014 ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டது. எனினும் தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதனைத் தொடர் சிகிச்சையிலும் அனுமதிக்கவில்லை. பயணம் செய்ய இயலாத நிலையில் படுத்திருப்பவரே தொலைமருத்துவத்தை மிகுதியும் வேண்டுபவர். அவருக்கு வேண்டிய மருந்தே தொலைவழி எழுத முடியாதது. ஒரு சட்டம் திறந்த வாயிலை மற்றொரு விதி சாத்துவதற்கு இது தக்க சான்று.

பரிந்துரைச் சீட்டிலும் முரண் உள்ளது. 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65 ஆம் விதி, சீட்டு எழுத்து வடிவில் மருத்துவரின் கையொப்பத்துடனும் நாளுடனும் இருத்தல் வேண்டும் என்கிறது. மருந்து வழங்கியதன் குறிப்பைக் கடைக்காரர் அச்சீட்டின்மீதே பதிய வேண்டும் என்கிறது. தொலைமருத்துவ வழிகாட்டுதலோ கையொப்பமிட்ட சீட்டின் படத்தையும் மின்னணுச் சீட்டையும் ஏற்கிறது. கைப்பேசித் திரையில் வரும் படத்தின்மீது கடைக்காரர் எதைப் பதிவது? பதிவு இல்லாதபோது ஒரே படம் பல கடைகளில் பலமுறை பயன்படக்கூடும். விதியை அஞ்சும் கடைக்காரர் மருந்து தர மறுப்பார்; அஞ்சாதவர் கட்டுப்பாடின்றித் தருவார். இரண்டும் நோயாளிக்குத் தீங்கே. இணையவழி மருந்து விற்பனையை ஒழுங்குபடுத்த 2018 ஆகஸ்டில் வெளியான விதிகள் வரைவு நிலையிலேயே நின்றன. அவ்வாண்டு டிசம்பரில் இணைய விற்பனைக்குச் சென்னை உயர் நீதிமன்றத் தனிநீதிபதி தடை விதித்ததும், 2019 சனவரியில் இருநீதிபதி அமர்வு அதனை நிறுத்திவைத்ததும் இந்நிலையின்மையின் வெளிப்பாடுகள்.

உழைச்செல்வான்: சட்டத்தின் இடைவெளி

நகரத்துத் தொலைமருத்துவம் பெரும்பாலும் இருவர்க்கிடையே நிகழ்வது. ஊரகத் தொலைமருத்துவம் மூவர்க்கிடையே நிகழ்வது. துணைச் சுகாதார நிலையத்திலோ நோயாளியின் வீட்டிலோ இருக்கும் பணியாளர் இரத்த அழுத்தம் பார்க்கிறார், குருதிச் சர்க்கரையை அளக்கிறார், கருவியை இயக்குகிறார், நோயாளியின் சொல்லை மருத்துவருக்கும் மருத்துவரின் சொல்லை நோயாளிக்கும் எடுத்துரைக்கிறார். மருத்துவரின் கையும் கண்ணும் செவியும் அவரே. வள்ளுவர் மருத்துவத்தின் நான்காம் கூறாக உழைச்செல்வானை வைத்ததன் பொருத்தம் இங்கு விளங்கும்.

வழிகாட்டுதல் இப்பணியாளரை அறியாமலில்லை. செவிலியர், துணைச் செவிலியர், இடைநிலை நலவாழ்வுப் பணியாளர், உரிய அதிகாரியால் பணிக்கப்பட்ட பிற பணியாளர் ஆகியோரை ‘சுகாதாரப் பணியாளர்’ என்னும் சொல்லுள் அடக்குகிறது. ஆனால் அவர் எடுத்த அளவீடு பிழையானால் பொறுப்பு யாருக்கு என்பதைத் தெளிவாக வரையறுக்கவில்லை. மருத்துவக் கவனக்குறைவைக் குற்றமாகக் கொள்ள அது மிகையான கவனக்குறைவாக இருத்தல் வேண்டும் என 2005 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் மருத்துவரைக் கருதி எழுந்தது. தொலைவிலுள்ள மருத்துவரின் வாய்மொழியை நம்பி ஊசியிடும் பணியாளருக்கு அதன் காப்பு எவ்வளவு பொருந்தும் என்பது விளக்கமுறாதது.

செவிலியர் ஏதேனும் ஒரு பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறார். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அத்தகைய பதிவுச் சட்டம் எதற்கும் உட்படாதவர். வீடுதோறும் சென்று அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, தொடர் மருந்து சேர்ப்பவர் இவரே. தொலைமருத்துவத்தை வீட்டு வாசல்வரை கொண்டுசெல்லத்தக்க பணியாளர் இவர். எனினும் ‘பணிக்கப்பட்ட பிற பணியாளர்’ என்னும் பொதுத்தொடர் ஒன்றே இவருக்கான சட்டத் தாங்கல். 2019 ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, சமுதாய நலவாழ்வு வழங்குநருக்கு வரையறுத்த உரிமம் அளிக்க இடம் தருகிறது. அரைகுறைப் பயிற்சியாளரை மருத்துவராக்கும் முயற்சி என்று மருத்துவர் அமைப்புகள் அதனை எதிர்த்தன. அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் உரிமம் வழங்குவது வேறு, பொறுப்பை வரையறுப்பது வேறு. உழைச்செல்வானைத் தீர்ப்பவனாக்காமலே அவர் பணியின் எல்லையையும் காப்பையும் சட்டத்தில் எழுதலாம்.

நோயாளி: ஒப்புதலும் மொழியும்

தொலைவழி ஆலோசனையை நோயாளியே தொடங்கினால் அவர் ஒப்புதல் உட்கிடையாகக் கொள்ளப்படும். பணியாளரோ மருத்துவரோ உடனிருப்பவரோ தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்ய வேண்டும் என்பது வழிகாட்டுதல். ஊரகத்தில் ஆலோசனையைப் பெரும்பாலும் பணியாளரே தொடங்குகிறார். ஆகவே வெளிப்படை ஒப்புதல் என்னும் கடுமையான கடப்பாடு சிற்றூருக்கே மிகுதியும் உரியதாகிறது. இது நல்லதொரு காப்பு. நடைமுறையில் அது என்ன ஆகிறது என்பதே வினா.

போதிய தகவலை அறிந்து, தன்விருப்பாக அளிப்பதே மெய்யான ஒப்புதல் என்று 2008 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கியது. சிற்றூர் நோயாளி மருத்துவரிடம் பெரும்பாலும் சொல்வது, ‘நீங்க பாத்துச் செய்யுங்க’ என்பது. இத்தொடர் நம்பிக்கையை உணர்த்துவது, மதிப்பை உணர்த்துவது, முடிவெடுக்கும் பொறுப்பை மற்றவரிடம் ஒப்படைப்பதையும் உணர்த்துவது. தகவலறிந்து தந்த இசைவை அது உணர்த்துமா? சட்டநோக்கில் உணர்த்தாது. ‘ஒப்புதல்’, ‘இசைவு’, ‘சம்மதம்’ என்று படிவங்களில் மாறிமாறி வரும் சொற்களுள் ஊரகப் பேச்சில் வழங்குவது ‘சம்மதம்’ ஒன்றே. அதுவும் திருமணப் பேச்சிலும் சொத்துப் பேச்சிலும் ஊன்றிய சொல். ‘தனியுரிமை’ என்பதும் அத்தகையதே. பேச்சுத் தமிழில் அதன் கருத்து ‘வெளிய தெரியக் கூடாது’ என்னும் தொடரில் உயிர்ப்புடன் உள்ளது. ஒப்புதல் வாசகம் இத்தொடரைப் பயன்படுத்தினால் நோயாளி அதன் பொருளை உடனே உணர்வார்.

2023 ஆம் ஆண்டு எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மொழியைச் சட்டக் கடப்பாடாக்கியமை குறிப்பிடத்தக்க வளர்ச்சி. தரவு பெறுவதற்கான அறிவிப்பையும் ஒப்புதல் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழியொன்றிலோ படிக்கும் வாய்ப்பை அது வழங்குகிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி. எனினும் இரு குறைகள் எஞ்சுகின்றன. ஒன்று, சட்டம் கருதுவது படிக்கும் வாய்ப்பை. எழுத்தறியாதவர்க்குக் கேட்கும் வாய்ப்பு தனியே கூறப்படவில்லை. மற்றொன்று, அரசு வழங்கும் நலச்சேவைகளுக்குச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தனி ஒப்புதல் இன்றியே தரவைப் பயன்படுத்த ஏழாம் பிரிவு இடம் தருகிறது. மேலும், 2011 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளை நுண்ணுணர்வுத் தரவு எனத் தனிவகைப்படுத்தியிருந்தன. புதிய சட்டத்தில் அத்தனிவகை இல்லை.

இதனோடு இணைத்து நோக்கத்தக்கது 1995 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் எனவும், அனைவர்க்கும் கட்டணமின்றி வழங்கப்படும் சேவை வராது எனவும் அது தெளிவுறுத்தியது. கட்டணம் செலுத்தும் நகர நோயாளி, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படித் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். அரசின் இலவசச் சேவையை நம்பும் சிற்றூர் நோயாளிக்கு அவ்வாயில் இல்லை. உரிமையியல் நீதிமன்றமும் மருத்துவக் கழகமும் அவருக்கு எஞ்சுகின்றன; முன்னது செலவும் காலமும் மிக்கது, பின்னது தொலைவிலுள்ளது. தரவுச் சட்டத்தின் விலக்கும் நுகர்வோர் சட்டத்தின் விலக்கும் ஒரே நோயாளிமீது கவிகின்றன. இலவசமாகப் பெறுபவர் உரிமையில் குறைந்தவராகும் இந்நிலை எவராலும் திட்டமிடப்பட்டதன்று. தனித்தனியே எழுந்த இரு விதிகள் கூடியதன் விளைவு.

நோயைச் சொல்லும் மொழியும் சட்டம் காணாத இடம். வேறு மாநில மருத்துவர் தமிழ் நோயாளியை ஆராய வழிகாட்டுதல் அனுமதிக்கிறது, மொழியறிவை முன்நிபந்தனையாக்கவில்லை. ‘கிறுகிறுப்பு’ என்பது சுழல்வது போன்ற உணர்வு. ‘மயக்கம்’ நினைவு தவறுவதையும் குறிக்கும். ‘படபடப்பு’ வேறு, ‘நெஞ்சடைப்பு’ வேறு, ‘நெஞ்செரிச்சல்’ வேறு. மருத்துவர் நேரில் இருந்தால் தொட்டும் பார்த்தும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்வார். தொலைவழியில் சொல்லே முதன்மைச் சான்று. சொல் பிறழ்ந்தால் நோய் நாடலும் பிறழும்.

சித்த மருத்துவமும் தொலைவழித் தேர்வும்

2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ முறைகளுக்கான நடுவண் கழகம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மருத்துவர்களுக்கும் தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன. இவற்றுள் நா, நிறம், விழி மூன்றும் காணொலியில் ஓரளவு புலப்படும். மொழி குரல் அழைப்பிலேயே புலப்படும். மலமும் மூத்திரமும் நோயாளி அல்லது உடனிருப்பவர் சொல்லக் கேட்டறியத்தக்கன. நாடியும் ஸ்பரிசமும் தொலைவழி இயலாதன. நாடி பார்த்தலை அறுதிச் சான்றாகக் கொள்ளும் ஒரு முறைக்கு, நவீன மருத்துவத்தை ஒட்டி எழுந்த தொடர்பு முறைப் பகுப்பு எவ்வளவு பொருந்தும் என்பது தனியாய்வுக்கு உரியது. நாடி தேரும் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியருகே இருந்தாலன்றி இங்குத் தொலைவழித் தேர்வு முழுமை பெறாது. உழைச்செல்வானின் இன்றியமையாமை மரபு மருத்துவத்தாலும் இவ்வாறு உறுதிப்படுகிறது.

செலவீடும் காப்பீடும்

தொலைவழி ஆலோசனைச் செலவையும் பொலிசி விதிகளுக்கு உட்பட்டு ஏற்குமாறு 2020 சூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களை அறிவுறுத்தியது. ஆனால் ஏழை மக்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சையை மையமாகக் கொண்டவை. தொலைமருத்துவமோ இயல்பில் புறநோயாளிச் சேவை. படுக்கையில் சேர்ந்தால் காப்பீடு உண்டு; படுக்கையில் சேராமல் காக்கும் ஆலோசனைக்கு இல்லை. தனியார் தொலைமருத்துவம் சிற்றூரை நாடாமைக்கும், அரசுச் சேவையே ஊரகத்தின் ஒரே புகலாக இருப்பதற்கும் இக்கொள்கை ஒரு காரணம் எனலாம்.

முடிவுரை

ஊரகத் தொலைமருத்துவத்துக்கு இன்று வெளிப்படையான சட்டத்தடை இல்லை. தடைகள் விதிகளின் இடைவெளிகளிலும் முரண்களிலும் உள்ளன. நாற்கூற்று அடிப்படையிலான இவ்வாய்வின் முடிபுகள் வருமாறு:

1. தொலைமருத்துவம் ஒழுக்க விதியின் பின்னிணைப்பாக மட்டும் நிற்பதால் மருத்துவர் தவிர்ந்த பிறரின் கடமைகள் வரையறையற்றுள்ளன. மாநில எல்லை கடந்த முறையீட்டைப் பெற நோயாளியின் மாநிலத்திலேயே வழி வேண்டும்.

2. மருந்துப் பட்டியல் தொடர்பு முறையோடு கட்டப்பட்டிருப்பது இணைப்புக் குறைந்த ஊர்களைத் தண்டிக்கிறது. பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியருகே இருக்கும்போது குரல்வழி ஆலோசனைக்கும் ‘ஏ’ பட்டியலைத் திறப்பது பாதுகாப்பைக் குறைக்காது. வலி தணிப்பு மருந்துகளின் தொடர் சிகிச்சைக்கு வரையறுத்த விலக்களிப்பு ஆராயத்தக்கது.

3. உழைச்செல்வானின் பணியெல்லை, பயிற்சி, சட்டக்காப்பு ஆகியவை எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். பதிவுச் சட்டத்துக்கு உட்படாத தன்னார்வலருக்கு இது மிகவும் தேவை.

4. இலவசச் சேவை பெறும் நோயாளிக்குத் தனியான குறைதீர் அமைப்பு வேண்டும். ஒப்புதல் வாசகம் பேச்சுத் தமிழில் ஒலிவடிவில் அமைந்து, நோயாளியின் விடையும் ஒலியாகவே பதிவாதல் தகும்.

இவற்றுள் நான்காவது தமிழ்த்துறைகளின் பங்களிப்பை நேரடியாக வேண்டுவது. வட்டார வழக்கிலுள்ள நோய்ச் சொற்களைத் தொகுத்து, அவை குறிக்கும் உடல்நிலையை மருத்துவர் துணையோடு வரையறுத்து, பணியாளரும் மருத்துவரும் பயன்படுத்தத்தக்க அகராதியாக்குதல் மொழியியலாரும் நாட்டார் வழக்காற்றியலாரும் செய்யத்தக்க பணி. சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தையும் ஆணையத்தையும் பொறுத்தது. இவ்வகராதிக்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை.